ஆட்டோவின் பின்னால் எழுதிய நம்பர்

நான் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். போன பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி ஆஃப் ஆகிவிட்டது. யாரோ அதை வீடியோ எடுத்து, "பொம்பள ஓட்டினா இப்படித்தான்" என்று போட்டுவிட்டார்கள். சவாரிக்காகப் பின்னால் எழுதியிருந்த என் போன் நம்பரும் அதில் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலையிலிருந்து ஓயாமல் போன். "வர்றியா, எவ்ளோ?" என்றார்கள். ஒருமுறை என் மகள் எடுத்தாள். அவளிடமும் ஒருத்தன் அதையே கேட்டான். அவள் ஏழாவது படிக்கிறாள்.

"வண்டிய வித்துட்டு வீட்ல இருன்னா கேக்கறியா?" என்று கணவர் என்மேல்தான் பாய்ந்தார்.

வீடியோவைத் திறந்து பார்த்தேன். அசிங்கமான கமெண்டுகளுக்கு நடுவே, ஸ்டாண்டில் நான் தினமும் அண்ணா என்று கூப்பிடும் பக்கத்து வண்டிக்காரர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். நேரில் கேட்டேன்.

"தமாஷுக்குப் போட்டதும்மா. இதப் போயி பெருசு பண்றியே!"

சைபர் கிரைமில் புகார் கொடுத்தேன். வீடியோவை நீக்க வைத்தார்கள். வண்டியின் பின்னாலிருந்த நம்பரையும் அழித்தேன், வாடிக்கைச் சவாரி பாதி போய்விட்டது. வண்டியை விற்கவில்லை. இப்போதெல்லாம் யாராவது என்னைப் படமெடுத்தால் ஓரங்கட்டி, "எதுக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். ஸ்டாண்டில் யாரையும் அண்ணா என்று கூப்பிடுவதில்லை.