கமெண்டிலேயே நின்றுவிட்ட எண்ணெய்

போன வருஷம் கோடையில், சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் என் முதல் புத்தகத்தின் வெளியீட்டு விழா நடந்தது. நான் பிறந்தது அண்ணாகிராமம் பக்கம், வாழ்க்கைப்பட்டது கடலூரில். எங்கள் வீட்டுச் சமையலைப் பற்றி எட்டு வருஷமாக வலைப்பூ எழுதி வருகிறேன். வலைப்பூக்களைப் புத்தகமாகப் போடும் சிதம்பரத்துத் தம்பதி அதைப் படித்துவிட்டுத் தேடி வந்து கேட்டார்கள். ஒரே ஒரு அறைதான் அவர்கள் பதிப்பகம். கணவர் பக்கங்களை வடிவமைப்பார், மனைவி பிழை திருத்துவார். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி அந்த அம்மா அனுப்பியதை நான் திறக்கக்கூட இல்லை. "எட்டு வருஷமா ஊரே படிச்சதுதான, அப்புடியே போடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு தலைக்கனம்!

விழா ஐந்து மணிக்கு. மூன்றரைக்கே ஒரு இளம்பெண் வந்து முதல் ஆளாகப் புத்தகம் வாங்கினாள். நேராகப் பச்சை முந்திரிக் குழம்புப் பக்கத்தைத் திருப்பினாள். அவள் முகம் வாடிவிட்டது.

"நா சொன்னத போடவே இல்லியாக்கா?"

யார் என்று அப்போதுதான் புரிந்தது. சென்னையிலிருந்து கல்யாணமாகி, கடலூர்ப் பக்கம் குடிகாட்டுக்கு வந்தவள். என் குறிப்பைப் பார்த்துப் பச்சை முந்திரி வாங்கி, பருப்பை எடுக்க வெறும் கையால் கீறியிருக்கிறாள். அதன் மேல்தோட்டிலிருந்து வரும் பால் பட்டு விரலெல்லாம் வெந்து, இரண்டு வாரம் தோல் உரிந்ததாம். அதை என் வலைப்பூவில் கமெண்டாக எழுதியிருந்தாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் கீற வேண்டும் என்று நானும் மன்னிப்புக் கேட்டு, அதன் கீழேயே பதில் போட்டேன். ஆனால் பதிவைத் திருத்தவில்லை. புத்தகத்துக்குப் பதிவுகளை மட்டும்தான் எடுத்தார்கள். எச்சரிக்கை கமெண்டிலேயே நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் என்பதால், முதலில் எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் வீட்டுக்காரரும், "இங்க வர்றவுங்க எல்லாருக்கும் தெரியும், உடு" என்றார். பதிப்பாளரின் மனைவி விடவில்லை.

"தெரிஞ்சவுங்க எதுக்குக்கா இந்தப் புக்க வாங்கப் போறாங்க?"

துண்டுச்சீட்டு அடித்து ஒட்டலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் கடைகள் பூட்டியிருந்தன. அந்தப் பெண்தான், "பேனா இருக்குல்ல, எழுதிடலாம்க்கா" என்று ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். முந்நூறு பிரதிகளையும் பிரித்துப் போட்டோம். 'கீறுவதற்கு முன் இரண்டு கைகளிலும் எண்ணெய் தடவிக்கொள்ளவும். பால் பட்டால் தோல் வெந்துவிடும்.' சீக்கிரம் வந்த சொந்தக்காரர்கள் கையிலெல்லாம் பேனாவைத் திணித்தோம். என் தம்பி என் வீட்டுக்காரரிடம், "மாமா, பரீட்சையிலகூட நா இவ்ளோ எழுதுனதில்ல" என்று புலம்பிக்கொண்டே எழுதினான். சிறப்பு விருந்தினராக வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு தானும் உட்கார்ந்துவிட்டார். விழா முக்கால் மணி நேரம் தாமதம். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்திருந்தோம். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டேன். நடந்ததை மைக்கில் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் பிரதியை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"அக்கா, பலாக்கொட்டக் குழம்புல புளி ஜாஸ்தி. அதயும் கமெண்டுல போட்டேன், நீங்க பதிலே போடல."

மண்டபமே சிரித்தது. அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

இப்போது எதை எழுதினாலும், எனக்கு நன்றாகத் தெரியும் என்பதாலேயே எதைச் சொல்லாமல் விட்டேன் என்று ஒருமுறை தேடிப் பார்க்கிறேன். நான் விட்ட ஒரு வரியால் விரல் வெந்தும், கோபப்படாமல் பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தாளே, அந்த மனசுக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அது ஒன்றுதான்.