கண் மூடாமல் ஒரு போட்டோ

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. நானும் என் கணவரும் பாபநாசத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். கல்யாணம், காதுகுத்தெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். பெண் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படமெடுக்க வேண்டும் என்றால் நான் போவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போட்டோ எடுப்பதைவிட நான் அதட்டுவதுதான் அதிகம் என்று என் கணவர் கிண்டல் செய்வார். அது உண்மையும்கூட.

அந்த வாரம் ஓர் அம்மா கடைக்கு வந்திருந்தார். கணவர் குவைத்தில் டிரைவர். பதினோரு வயது மகள் நாதஸ்வரம் கற்றுக்கொள்கிறாளாம். அவள் நாயனத்தோடு இருக்கிற மாதிரி நல்ல போட்டோ ஒன்று வேண்டும், அங்கே தன் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று கணவர் கேட்டிருக்கிறார்.

"பிளாஷ் அடிச்சா போதும்க்கா, இறுக்கிக் கண்ணை மூடிக்குவா. எம் பொண்ணு கண்ணைத் தொறந்திருக்கிற மாதிரி ஒரு போட்டோகூட எங்கிட்ட இல்லைன்னு அவரு கொறைப்பட்டுக்கிறாரு" என்றார்.

பிளாஷே இல்லாமல் எடுத்துத் தருகிறேன் என்றேன். இருக்கிற வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எடுப்பதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு.

சொன்ன நாளில் மதியத்துக்கு மேல் போனேன். ரோட்டில் தண்ணீர் ஏறி ஓடியதால் ஸ்கூட்டியை மதகுப் பக்கம் நிறுத்திவிட்டு, கேமராப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பாதி கட்டி நிற்கும் வீடு. ஒரே ஒரு ஜன்னலுக்குத்தான் கதவு போட்டிருந்தார்கள். மற்றதையெல்லாம் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். காலையிலிருந்து கரண்ட் வேறு இல்லை.

அந்த அம்மாவின் தம்பி கதவைத் திறந்தார். முப்பது வயது இருக்கும். நான் உள்ளே வந்ததும் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். வெளிச்சம் பத்தாது, வாசல் கதவைத் திறந்து வையுங்கள் என்றேன்.

"வேணாங்க. சாரல் அடிக்கும்."

"சாரல் கொல்லைப் பக்கம்ல அடிக்குது?" என்று விடாமல் கேட்டேன். அவர் கதவை விட்டு நகரவே இல்லை.

"இவன் காலையிலேர்ந்து இப்படித்தான்க்கா" என்றார் அந்த அம்மா. "யாரையும் உள்ள விட மாட்டேங்கிறான். எம் போனையும் வாங்கி வச்சிக்கிட்டான். மழைக்கு டவர் இல்லையாம். அவரு இந்நேரம் பத்து தடவை கூப்பிட்டிருப்பாரு."

எனக்கு எரிச்சலாக வந்தது. மழையில் நனைந்து வந்தவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட மனசில்லையா என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டேன்.

பிள்ளையை ஜன்னலோரமாகப் பாயில் உட்கார வைத்தேன். பச்சைப் பட்டுப்பாவாடை, இரட்டைச் சடை, மடியில் அவள் உயரத்தில் பாதிக்கு மேல் நீளமான நாயனம். முகத்தின் ஒரு பக்கம் அழகாக வெளிச்சம் விழுந்தது. மறுபக்கம் ஒரே இருட்டு. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு சுலபமான வழி உண்டு. எதிர்ப்பக்கம் வெள்ளைத் துணி ஒன்றைப் பிடித்தால் வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். கேட்டதும் அந்த அம்மா பீரோவிலிருந்து கணவருடைய புது வேட்டியை எடுத்து வந்தார். தம்பியைப் பிடிக்கச் சொன்னேன். அவர் வாங்கத் தயங்கினார். பிறகு இரண்டு முனையையும் பிடித்து, தன் முகத்துக்கு நேராகவே தூக்கிக்கொண்டார்.

"வாசிம்மா" என்றேன்.

"ஊத வேணாம்" என்று வேட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சும்மா வாயில வச்சிக்கிட்டாப் போதும்."

"கன்னம் உப்பலைன்னா போட்டோவுல பொய்யாத் தெரியும் தம்பி. பல்லு வலிக்காரி மாதிரி இருப்பா."

பிள்ளை களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நாலைந்து படம் எடுத்தேன். அம்மா டீ போட அடுப்படிக்குப் போனார். நான் குனிந்து பார்த்தால் பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் நிலையாக நிற்கவில்லை. வேட்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு வேட்டியைப் பிடிக்க முடியலையா உங்களுக்கு?" என்று அதட்டிவிட்டு, பிடித்துக் காட்டலாம் என்று வேட்டிக்குப் பின்னால் போனேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை. சட்டைக் காலர்வரை நனைந்திருந்தது.

பிள்ளை நாயனத்தின் நுனியில் செருகியிருந்த சீவாளியை மட்டும் கழற்றி வாயில் வைத்து, பீப்பீ என்று ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் என் காதோரமாகச் சொன்னார்.

"மச்சான் போயிட்டாருங்க. ராத்திரி படுத்தவரு எந்திரிக்கலையாம். காலையில எனக்குத்தான் போன் பண்ணுனாங்க. இவங்களுக்குத் தெரியாது."

நான் வேட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரத்தநாட்டுலேர்ந்து பெரியக்கா வந்துக்கிட்டு இருக்கு. அது வந்துட்டா எங்கக்காவைப் பிடிச்சிக்கும். ஒத்தையா என்னால முடியாதுங்க. அது வர்ற வரைக்கும் எடுத்துக்கிட்டே இருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

அவர் ஏன் கதவை அடைத்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் குவைத்தில்தான் இருக்கிறார்கள். கதவு திறந்திருந்தால் விஷயம் யார் வாய் வழியாகவாவது உள்ளே வந்துவிடும். ஊத வேண்டாம் என்றதற்கும் காரணம் புரிந்தது. சாவு விழுந்த வீட்டில் மங்கள வாத்தியம் ஒலிக்கக் கூடாது. அந்த வீட்டில் சாவு விழுந்தது அதுவரை அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

திரும்பி வந்து கேமராவைக் கையில் எடுத்தேன்.

"ஊதவா, வேணாமாக்கா?" என்றாள் பிள்ளை.

நான் வேட்டியைப் பார்த்தேன். பிறகு, "ஊதும்மா. அப்பாவுக்குத்தானே" என்றது அந்தக் குரல்.

அவள் வாசித்தாள். என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. அங்கங்கே தட்டுத் தடுமாறித்தான் வாசித்தாள். ஆனால் அந்தச் சின்ன அறையில் அது காதை அடைக்கிற மாதிரி இருந்தது. அம்மா டீயோடு வந்து நின்று, "கண்ணைத் தொறந்து வச்சிக்கடி, அப்பா பாப்பாருல்ல" என்றார். நான் அந்த டீயைச் சுடச்சுட விழுங்கினேன். இல்லாவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன்.

பிறகு எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். சடையை முன்னால் போடு, பொட்டைச் சரிசெய், வளையலை மாற்று, தலையைத் தூக்கு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். வெளியே மழை வலுத்து வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கேமராவில் வெளிச்சம் கூட்டுகிற எண்களையெல்லாம் ஏற்றிப் பார்த்தேன். கடைசியில் எடுத்தவை வெறும் கறுப்பாகவே விழுந்தன. ஆனாலும் "சூப்பர், இன்னும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லாமல் போய்விடுவார் என்று எனக்கு ஒரு பைத்தியக்கார எண்ணம். என் தொழிலில் அவ்வளவு இருட்டில் அவ்வளவு நேரம் நான் படமெடுத்ததே இல்லை.

தெருவில் ஆட்டோ வந்து நின்றது. தம்பி வேட்டியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். பெரியக்கா உள்ளே வந்தார். முடிந்திருந்த கூந்தலை அவிழ்த்துவிட்டார். அதைப் பார்த்ததுமே அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை, பெரியம்மாவையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள். அன்றைக்கு அந்த வழக்கம் எனக்கு வசதியாகப் போய்விட்டது.

உடல் வந்து சேரப் பல நாள் ஆயிற்று. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் படங்களை மட்டும் அழிக்கவும் இல்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. பொங்கல் முடிந்த பிறகு, மாமாவைக் கூட்டிக்கொண்டு அவளே கடைக்கு வந்தாள்.

கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்தேன். இருப்பதிலேயே நல்ல படத்தைக் காட்டினேன். வாசித்துக்கொண்டே கேமராவை நேராகப் பார்க்கிறாள். இரண்டு கண்ணும் அகலத் திறந்திருக்கின்றன. அவள் அப்பா கேட்டது அதைத்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு மவுஸைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, இதுல எந்தப் போட்டோவுலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?" என்றாள்.

மாமா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். அவளே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இதுலேர்ந்துதானே?"

அந்தப் படத்தில் அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். என் கைதான் ஆடியிருந்தது. அவள் உச்சந்தலை வெட்டுப்பட்டு, முகம் கலங்கலாக விழுந்திருந்தது. அதற்கு முந்தைய எதிலும் அப்படி இல்லை.

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப இதுக்கு முன்னாடி உள்ளதுல ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றாள்.

பல்லு வலிக்காரி என்று நான் கேலி செய்தபோது எடுத்த படத்தைப் போட்டுக் கொடுத்தேன். அதில் அவள் சிரித்துக் கண்ணை மூடியிருந்தாள். அதுவரை, கேமராவுக்குப் பின்னால் நிற்பவளை யாரும் கவனிப்பதில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது எந்தக் குழந்தையை எதிரே உட்கார வைத்தாலும், அது என் முகத்தைப் பார்த்து எதையோ தெரிந்துகொண்டுவிடும் என்று முதலில் எனக்குத்தான் பயம் வருகிறது.