ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடு

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜனங்கள் நடக்கப் புறப்படுகிறார்கள். கையில் கூடை கிடையாது, பை கிடையாது. காட்டுக்குள் போய் மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். இதற்கு ப்ரொம்னாத் என்று பெயர். வந்த புதிதில், எதிரே வந்த ஒரு கணவன் மனைவியை நம் ஊர் வழக்கப்படி, "எங்கே போகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் விசாரித்தேன். அந்த அம்மாள் கணவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "எங்கேயும் இல்லை, மதாம்" என்றாள். போலீஸ்காரன் கேட்டுவிட்டதைப் போல இருவரும் வேகமாக விலகிப் போனார்கள். புதுச்சேரியில் தெருவில் இறங்கினால் பத்துப் பேர் கேட்கிற கேள்வி அது. யாரும் பதிலுக்குக் காத்திருக்கக்கூட மாட்டார்கள். அன்றிலிருந்து நான் 'போன்ழூர்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் வைத்திக்குப்பத்துப் பெண். எங்கள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய்; அவருடைய அப்பாவும் சைகோனில் சொல்தாவாக இருந்து திரும்பியவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஐந்து வருஷம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் ரயிலில் போய்க் கப்பலேறினோம். இங்கே வந்த நாலாவது மாதம் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய நண்பர் ஒருவரின் தாயார் இறந்து, பூட்டிக் கிடந்த இந்தக் கல்வீட்டில் என்னைக் குடிவைத்துவிட்டுப் போனார். பிரான்சின் நடுவில் எங்கோ இருக்கிற சிறிய கிராமம். ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக் கடை, சுற்றிலும் காடு. வாரத்தில் பல நாட்கள் ரொட்டிக் கடையில் பேசுகிற இரண்டு வார்த்தைதான் நான் வாயைத் திறந்து பேசுவது. தமிழில் பேசினால் சுவர்தான் கேட்க வேண்டும். சில நாள் பேசியும் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் நானும் நடக்க ஆரம்பித்தேன். தேவாலயத்துக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை இறங்கிக் காட்டுக்குள் போகிறது. ஓக் மரங்களும் எனக்குப் பெயர் தெரியாத மரங்களும் மேலே கூடி நிற்கும். வெயில் காசு காசாகக் கீழே விழுந்து கிடக்கும். கொஞ்ச தூரத்தில் ஓர் ஓடை குறுக்கே வருகிறது. முழங்கால் ஆழம்தான், கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர். பாலம் இல்லை. அகலமான கற்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஓர் ஆள்தான் நிற்கலாம். முதல் நாள் அரை மணி நேரம் கரையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அலைக்குள் ஓடி விளையாடி வளர்ந்தவளுக்கு முழங்கால் தண்ணீரில் என்ன பயம் என்று கேட்கலாம். மணல் காலை வாங்கிக்கொள்ளும். கல் வாங்காது. எங்கள் பக்கம் நோணாங்குப்பத்தில் ஆற்றைக் கடப்பதென்றால் படகுதான். மீன்கூடையும் கோழியும் பிள்ளையுமாகப் பத்துப் பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அக்கரை போய்ச் சேர்வதற்குள் ஒருத்தர் வீட்டுச் சங்கதி எல்லாருக்கும் தெரிந்துவிடும். இங்கே தண்ணீரைக்கூடத் தனியாகத்தான் கடக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் கடந்தேன். அக்கரையில் ஒரு பண்ணை வீடு. பாதை அதன் வாசலை ஒட்டிப் போகிறது. வாசலில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் பெயர் சூசான் என்று பிறகு தெரிந்தது. என் புடவையையும் அதன்மேல் போட்டிருந்த கோட்டையும் பார்த்துச் சிரித்துவிட்டு, "பாஸே ஷே நூ, திமான்ஷ்" என்றாள். குப்பத்தில் நான் படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளியில், மணி அடித்ததும் மதர் கதவருகே நின்று "பாஸே, பாஸே" என்பார். நாங்கள் வரிசையாக அவரைத் தாண்டிப் போவோம். ஆகவே, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இடத்து வழியாகப் போய்க்கொள்ளலாம் என்று அவள் அனுமதி கொடுப்பதாக எடுத்துக்கொண்டேன். நல்ல பெண் என்று நினைத்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணி வாக்கில் அந்த வாசலைத் தாண்டிப் போனேன். கதவு திறந்தே இருக்கும். அவள் நின்றிருப்பாள். நான் "போன்ழூர், மெர்சி" என்று தலையசைத்துவிட்டு நடப்பேன். சில மாதங்களில் அவள் சிரிப்பு குறைந்தது. பிறகு தலையை மட்டும் அசைத்தாள். வழிவிட்டதற்கு வருத்தப்படுகிறாளோ என்று எண்ணி, நான் இன்னும் வேகமாக நடந்தேன்.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. நவம்பர் மாதம், நாலு நாள் மழைக்குப் பிறகு, நடு ஓடையில் கால் வழுக்கி விழுந்தேன். இடுப்பு வரை நனைந்து, முழங்கால் கிழிந்து, குளிரில் மூச்சு நின்றுவிட்டது. அவள் வீட்டு நாய் குரைத்தது. சூசான் ஓடிவந்து, மரச்செருப்போடு தண்ணீரில் இறங்கி, என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்துப் போர்வையைச் சுற்றினாள். அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். துணி விரித்திருந்தது. ஒரு தட்டில் ஆப்பிள் பணியாரம், இரண்டு கோப்பைகள்.

"யாராவது வரப்போறாங்களா? நான் போயிடறேன்" என்று எழுந்தேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் உங்களுக்கு என்ன தப்பு செஞ்சேன், மதாம்? ஒரு வருஷமாக் கூப்பிடறேன். ஒவ்வொரு ஞாயிறும் ரெண்டு கோப்பை வைக்கிறேன். நீங்க தலையாட்டிட்டுப் போயிடறீங்க."

"நீங்கதானே போகச் சொன்னீங்க? பாஸேன்னு?"

அவள் அந்த வார்த்தையை இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாஸே ஷே நூ என்றால் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ என்று அர்த்தமாம். நானும் சிரித்தேன். பல் கிடுகிடுத்துக்கொண்டே சிரித்தேன். அவளுக்கும் யாருமில்லை. அப்பா அம்மா போய்ச்சேர்ந்துவிட்டார்கள். தம்பி பியேரை ராணுவச் சேவைக்கென்று அழைத்து, அல்ஜீரியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் கணவரும் அங்கே இருப்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் முதல் நாளே என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் கர்வக்காரி என்று நினைத்து, பிறகு கோபித்திருக்கிறாள்.

அதிலிருந்து ஞாயிறுகள் அவள் வீட்டில் கழிந்தன. பியேரின் கடிதங்களை எனக்குப் புரியும்படி மெதுவாகப் படித்துக் காட்டுவாள். ஒருநாள், "உனக்குக் கூடப் பிறந்தவங்க இல்லையா? எழுதறதில்லையா?" என்று கேட்டாள். ஓர் அண்ணன் இருக்கிறார், எழுதுவதில்லை என்றேன். ஏன் என்றாள். அதுவரை யாரிடமும் சொல்லாததைத் தப்பும் தவறுமான பிரெஞ்சில் சொன்னேன்.

என் அண்ணன் ஏழுமலை, கொடி மாறிய அன்று தன் படகில் புதுக் கொடி கட்டிக் கடலுக்குப் போனவர். எனக்குச் சொல்தா மாப்பிள்ளை என்று அப்பா முடிவு செய்தபோது, "அந்தக் கொடியே இறங்கிப் போயிடிச்சி. நீ அது பின்னாலயே போறியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. நாங்கள் புறப்பட்ட நாள், காலையிலிருந்து கரையில் காத்திருந்தேன். ஒவ்வொரு படகாக வந்தது. வலையை உதறினார்கள், மீன் விற்றார்கள், வெயில் ஏறிவிட்டது. அவர் படகு மட்டும் வரவில்லை. கடைசியில் அண்ணி வந்து என் தோளைத் தொட்டாள். "அவரு வேணும்னே அந்தாண்ட போயி தேங்காய்த்திட்டுல கரையேறிட்டாராம். நீ போ கண்ணு, ரயிலுக்கு நேரமாவுது."

சூசான் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "நீ எழுதினியா?"

"முதல்ல அவர் எழுதட்டும்."

"அவரும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கறாரோ என்னவோ. யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அன்றே அவள் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். மன்னிப்பும் கேட்கவில்லை, நியாயமும் பேசவில்லை. இந்த ஓடையையும் கற்களையும், நான் விழுந்ததையும் எழுதினேன். வாரங்கள் போயின. குளிர்காலம் முழுக்கத் தபால்காரர் சைக்கிள் என் வாசலில் நிற்காமல் போயிற்று. எழுதியிருக்க வேண்டாம் என்றுகூட நினைத்தேன். மார்ச்சில் அல்ஜீரியாவில் சண்டை நின்றது. என் கணவரும் பியேரும் கோடையில் திரும்புவார்கள் என்று செய்தி வந்தது. அதே வாரம் கடிதமும் வந்தது. அண்ணனுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அவர் மகள் எழுதியிருந்தாள்.

"லச்சுமிக்கு. கல்லு மேல பாத்துக் கால வையி. அந்தத் தண்ணியில மீனு இருக்குதா? இருந்தா என்னா மீனு, எப்பிடிப் புடிக்கறாங்க? மாப்பிள்ள சொகமா?" அவ்வளவுதான். என் கணவரை மாப்பிள்ளை என்று அண்ணன் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சூசானிடம் ஓடினேன். அவள் என்னை ஓடைக்கரையில் ஒரு மரநிழலுக்கு அழைத்துப்போய்க் குப்புறப் படுக்கச் சொன்னாள். வேருக்கடியில், ஓட்டத்தை எதிர்த்து அசையாமல் ஒரு மீன் நின்றிருந்தது. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. "த்ருயித்" என்றாள் காதருகே.

சூசானின் பேனாவை இரவல் வாங்கி அவள் மேசையில் உட்கார்ந்தேன். ஒரு முழ நீளம் என்று எழுதினேன். தூண்டிலில்தான் பிடிக்கிறார்கள், வலை கூடாதாம் என்று எழுதினேன். எந்த மீனைப் போல இருக்கிறது என்று சொல்ல, எனக்குத் தெரிந்த அத்தனை மீனையும் நினைத்துப் பார்த்தேன். கெண்டை இல்லை, மடவை இல்லை, கிழங்கான் இல்லை. தமிழில் அதற்குப் பெயர் கிடைக்கவில்லை. த்ருயித் என்று எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். என் வாயில் அது சரியாகத்தான் வந்தது. வைத்திக்குப்பத்தில் அண்ணன் மகள் படிக்க, அண்ணன் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். அவர் வாயில் அது எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டு, உறையை ஒட்டாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.