லிப்ட் நின்ற வாரம்

அன்று சாயங்காலம், தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளைக் கடையில் போட்டுவிட்டு வந்து வீட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே என் தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு அலட்டலா என்று நீங்கள் கேட்கலாம். அவனைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். நின்றபடியே சாப்பிடுவான். நடந்தபடியே பல் தேய்ப்பான். போனில் பேசினால் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துதான் பேசுவான். காலில் சக்கரத்தோடு பிறந்தவன் என்று எங்கள் அம்மா சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய்த்தான் கண்ணை மூடினாள். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எல்லோருக்கும் அவன் 'எறும்பு'. நாற்பது தாண்டிய எறும்பு.

"என்னடா, உடம்புக்கு என்ன?" நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"ஒண்ணுமில்லக்கா. உட்கார்ந்திருக்கேன்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

"டீச்சர் உட்காரச் சொல்லிட்டாங்க." சொல்லும்போது அவன் குரல், ஜெயிலுக்குப் போகிறவன் குரல் மாதிரி இருந்தது.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. நீச்சல் குளத்து டீச்சர். என் தம்பி லிப்ட் மெக்கானிக். சில வருஷங்களுக்கு முன்பு வேலை நேரத்தில் லிப்ட் கூண்டின் மேலிருந்து தவறி விழுந்து முதுகில் அடி. டாக்டர் நீந்தச் சொன்னார். முதுகு சரியாகிவிட்டது. இவன் நிறுத்தவில்லை. நீச்சலோடு சைக்கிள் சேர்ந்தது, சைக்கிளோடு ஓட்டம் சேர்ந்தது. கடைசியில் ஒரு பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். விடிந்ததும் ஏரியில் நீந்தி, கரையேறி, சைக்கிளை எடுத்து, பொழுது சாயும்வரை மிதித்து, இறங்கிய காலோடு ஓடவும் வேண்டுமாம். எல்லாம் ஒரே நாளில். கேட்டபோது எனக்கு மயக்கம் வராத குறை. ஆண்டவன் மனிதனுக்கு இரண்டு கால் கொடுத்தது இதற்குத்தானா?

போன வருஷம் முதல் தடவை ஓடினான். பந்தயத்துக்கு முதல் நாள்வரை மாடாய் உழைத்தான். ஓட்டத்தில், மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க் எதிரில் நான் நின்றிருந்தேன். என் கண் முன்னாலேயே முட்டி போட்டு விழுந்தான். எழுந்திருக்க முடியவில்லை. ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. "அடுத்த வருஷமும் முடியலைன்னா இதோட விட்டுடறேன்க்கா" என்றான். விட்டால் நல்லது என்று நினைத்தேன். ஆனால் விட்டபிறகு அவனிடம் என்ன மிஞ்சும் என்று நினைத்தபோது வேண்டாம் என்று தோன்றியது.

மறுநாள் டீச்சர் வீட்டுக்கே வந்தார். வெள்ளைத் தலை, ஆண்பிள்ளைத் தோள். என்னைத் தனியாக அழைத்து விளக்கினார்.

"அம்மா, உழைக்க வேண்டியதெல்லாம் உழைச்சாச்சு. இனிமே பந்தயம்வரைக்கும் குறைச்சுக்கிட்டே வரணும். காலையில என்கூடக் கொஞ்சம் நீச்சல், கொஞ்சம் ஓட்டம், அவ்வளவுதான். மீதி நேரம் சும்மா இருக்கணும்."

"சும்மா இருந்தா உடம்பு துருப்பிடிச்சுப் போயிடாதா டீச்சர்?"

"மாவு பிசைஞ்சு மூடி வைக்கிறீங்க. பார்க்கிறதுக்கு அது சும்மாதான் இருக்கு. உள்ள வேலை நடக்குதா இல்லையா? போன வருஷம் உங்க தம்பி மூடவே விடலை. நீங்கதான் இந்தத் தடவை மூடி."

சைக்கிள் பூட்டின் சாவியையும் ஓடும் காலணியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். காலணியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன், சைக்கிள் சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அதை எடுக்க அவனுக்குக் கை வராது.

சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. முதலில் அவனுக்கு இடது முட்டி வலித்தது. அடுத்த நாள் அது வலது முட்டிக்கு மாறியது. அப்புறம் தொண்டை. ஃபேன் சத்தம் தலைக்குள் கேட்கிறது என்றான். நான் தையல் மிஷினை மிதித்தால், என் காலையே ஏக்கமாகப் பார்ப்பான்.

"நான் கொஞ்ச நேரம் மிதிக்கட்டுமாக்கா?"

"போடா அந்தப் பக்கம்."

அந்த நிலையில்தான் எங்கள் லிப்ட் நின்றது. நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி, கடைசி. தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு சாமான் வரணும். வர வரைக்கும் படிதான்" என்றான். கட்டடத்துக்கே முகம் தொங்கிவிட்டது. ஆனால் அதிலிருந்து ஓர் அதிசயம் நடந்தது. நாலாவது மாடி நர்ஸம்மாவின் கேஸ் சிலிண்டரைத் தம்பி தோளில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்றாவது மாடியில், முட்டி தேய்ந்துபோய்ப் படியிறங்க முடியாத கடிகாரக்காரருக்குக் காய்கறி, மருந்து, பேப்பர் எல்லாம் இவன்தான். யார் வீட்டுக்குத் தண்ணீர் கேன் வந்தாலும் கீழே போய் நிற்பான்.

"உங்க தம்பி தங்கம்மா, தங்கம்!" என்று படியில் பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உட்கார வைத்ததால் பிள்ளைக்குள் இரக்கம் ஊறியிருக்கிறது, மாவு உப்பியிருக்கிறது என்று நினைத்து, விளக்கேற்றி வைத்து நன்றி சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணீர் விட்டு நன்றி சொன்னேன்.

பந்தயத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஐந்து மாடியும் ஏறி வந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"நல்லா இருக்கும்மா கதை. ஊர்ல நிக்கிற லிப்ட்டையெல்லாம் ஓட்டிவிடற ஆளு வீட்டுக்கு நான் படியேறி வரணுமா?"

"ஏதோ சாமான் வரணுமாம் டீச்சர். அது..."

சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிட்டது. மழைக்காலத்தில் இதே லிப்ட் நின்றபோது, நான் டீ போட்டு இறக்குவதற்குள் சரிசெய்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தவன் அவன்.

அப்போது படியில் தடதடவென்று சத்தம். இரண்டு தோளிலும் தண்ணீர் கேனோடு, வியர்வை சொட்டச் சொட்ட, வாயில் பாட்டோடு என் தம்பி ஏறி வந்தான். டீச்சரைப் பார்த்ததும் பாட்டு அறுந்தது.

"யாருக்குத் தண்ணி?" என்று கேட்டார் டீச்சர்.

"நமக்குத்தான்."

"நேத்துதானேடா ரெண்டு கேன் கொண்டுவந்தே!" என்றேன் நான்.

டீச்சர் குனிந்து அவன் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். அவன் பல்லைக் கடித்தான். "கல்லு மாதிரி இருக்கு. இதோட ஏரியில இறங்கினா கல்லு மாதிரியே உள்ள போயிடுவே. லிப்ட்டுக்கு என்ன ஆச்சு?"

அவன் கேன்களை இறக்கி வைத்தான். சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். ஒரு ஃபியூஸ். விரல் நுனி அளவுதான் இருந்தது.

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கட்டடத்தையே நிறுத்தி வைத்திருக்கிறான்! கடிகாரக்காரர் அந்த வாரம் முழுக்கக் கீழே இறங்கவில்லை. நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் நின்று நின்று வீங்கிய காலோடு வந்து நாலு மாடி ஏறியிருக்கிறார். நானோ இதற்கு விளக்கேற்றி நன்றி சொல்லியிருக்கிறேன். சொன்ன நன்றியை எப்படித் திருப்பி வாங்குவது?

"ஏன்டா இப்படிப் பண்ணினே?" திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"உட்கார்ந்தா அந்த பங்க்குதான்க்கா கண்ணுல வருது. அங்க விழுந்தேனே, அது. சேர்த்து வச்சதெல்லாம் ஓட்டைப் பானையில இருந்து ஒழுகற மாதிரி இருக்கு. சைக்கிளைத் தொடலை. ஷூவைத் தொடலை. நீ சொன்னதை மீறலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"போன வருஷமும் ஒழுகலை. நீயே கவுத்துட்டே. இந்த வருஷமும் பானை உன் கையிலதான் இருக்கு" என்றார் டீச்சர். அப்புறம் என்னிடம், "இனிமே பந்தயம்வரைக்கும் தண்ணியில இறக்க மாட்டேன். முழு ஓய்வு. தேறுமான்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

தம்பி எழுந்தான். "எல்லார் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்."

"கேளு. ஆனா லிப்ட்டுல போ. ஒரு படி ஏறினேன்னு தெரிஞ்சுது, பந்தயத்தன்னைக்கு ஏரியில உனக்குத் துணையா என் படகு வராது."

ஃபியூஸைப் போட்டான். லிப்ட் அடங்கிய குரலில் உறுமிக்கொண்டு மேலே வந்தது. நானும் கூடப் போனேன். கடிகாரக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆக, என்னை வீட்டுக் காவல்ல வச்சுட்டு எனக்கே தக்காளி வாங்கித் தந்திருக்கே. அதுவும் அழுகல் தக்காளி."

"தப்புதாங்க."

"ஓடி முடிச்சுட்டு வா. பாதியில படுத்துட்டு வந்தே, உன்னை லிப்ட்டுக்குள்ள வச்சு அந்த ஃபியூஸை நான் புடுங்குவேன்."

நர்ஸம்மா அப்படியில்லை. வாசலிலேயே நின்று கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமாகக்கூடச் சாத்தவில்லை. அதுதான் தம்பிக்கு உறைத்தது. மேலே வந்தவன், நான் சொல்லாமலே உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு என் மிஷின் பக்கத்தில்தான் இருந்தான். தைத்து முடித்த சட்டைகளில், தற்காலிகமாகப் போட்ட ஓட்டுத் தையலின் நூலைப் பிரித்துக் கொடுப்பான். முதலில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் ஆட்டம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். மடியில் சட்டை, கையில் நூல், தலை சுவரில் சாய்ந்திருந்தது. பட்டப்பகலில் அவன் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பதறிப்போய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. குறட்டையும் வந்தது. மிஷினை மிதிக்காமல் நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பந்தய நாளில் அதே பெட்ரோல் பங்க் எதிரில் போய் நின்றேன். கால் தேறியதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஏரியில் கரையேறினான் என்றும் சைக்கிளை முடித்தான் என்றும் டீச்சர் போனில் சொல்லியிருந்தார். வெயில் சாய்ந்தது. யார் யாரோ ஓடிப் போனார்கள். கடைசியில் வளைவில் அவன் தெரிந்தான். மெதுவாகத்தான் வந்தான். முகம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது.

சரியாக பங்க் எதிரே வந்ததும் வேகம் குறைந்தது. நின்றான். முட்டி மடங்கியது. தரையில் முட்டி போட்டுவிட்டான்.

எனக்கு உயிரே போய்விட்டது. "ஆண்டவனே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டார்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "எதுக்குக்கா கத்தறே? ஷூ கயிறு அவுந்துடுச்சு."

முடிச்சைப் போட்டான். எழுந்தான். ஓடினான். நான் வாயைப் பொத்திக்கொண்டு அவன் முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடித்தான். மெடலைக் கழுத்தில் போட்டு விட்டபோது அழுதான் என்று டீச்சர் சொன்னார். அவன் இல்லை என்கிறான்.

கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவனால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தோம். லிப்ட் கீழேதான் நின்றது. உள்ளே நர்ஸம்மா, வேலை முடிந்து வந்த உடுப்போடு. எங்களைப் பார்த்ததும் கதவு மூடாதபடி ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க போங்கம்மா. நான் படியிலயே வந்துடறேன்."

"ஏறு உள்ள" என்றார் நர்ஸம்மா. "என் கால் வலிக்குது."

ஏறினான். நாலாவது மாடி வருவதற்குள், நின்றபடியே, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான்.