எமலோகத்துப் படகில் தலை எண்ணியவன்

எழுபதுகளின் கடைசி. அத்தான் வெளிநாட்டுக் கப்பலில் ரேடியோ ஆபீசர். சிங்கப்பூரில் வாங்கிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அந்தமானில் எங்கள் மாயாபந்தரில் வந்து இறங்கினார். அக்காவை மெயின்லேண்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தார். அதைப் பற்றித் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

அதில் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. படம் கிடையாது, பச்சை எழுத்து மட்டும். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் கால் மணி நேரம் பூனைச் சண்டை மாதிரி கத்திவிட்டுத்தான் கதை தொடங்கும். கிரேக்க தேசத்தில் ஒருவன் செத்த பெண்டாட்டியை எமலோகத்திலிருந்து மீட்டு வரவேண்டும். நம் ஊர்க் கதைகளில் அந்த வேலையும் பெண்டாட்டி தலையில்தான். அங்கே ஆண்பிள்ளைகளுக்கும் கொஞ்சம் பொறுப்பு உண்டு போலிருக்கிறது. 'வடக்கே போ', 'படகில் ஏறு' என்று இங்கிலீஷில் இரண்டிரண்டு வார்த்தையாகத் தட்டினால் அவன் செய்வான்.

"மாப்ள, நீ அந்தப் பொம்பளையக் கரை சேத்துட்டேன்னா, உங்க அக்காவ அடுத்த ஜஹாஜ் வரைக்கும் இங்கயே உட்டுட்டுப் போறேன்" என்றார் அத்தான். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். அம்மா போனபின் எனக்குச் சோறு போட்டு, திட்டி, கப்பல் துறையில், அதாவது ஜெட்டியில், வேலை கிடைக்கும்வரை விரட்டியவள் அக்கா. அடுத்த கப்பல் என்றால் எப்படியும் ஒரு மாதம்.

கப்பல் நாளன்று காலையிலேயே உட்கார்ந்தேன். மூன்று தலை நாயைத் தூங்கவைத்து, எமனைத் தாஜா பண்ணி, அவளைப் படகில் ஏற்றிவிட்டேன். எமன் போட்டது ஒரே நிபந்தனை: கரை சேரும்வரை அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஜெட்டியில் என் வேலையே தலை எண்ணுவது. எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று திரும்பி ஒருமுறை பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்கச் சொல்வேன். ஆறு வருஷப் பழக்கம். படகு நகரும் என்றதும் கை தானாகப் போய் 'பின்னால் பார்' என்று தட்டிவிட்டது. அவள் மறைந்துவிட்டாள் என்றது பெட்டி. மறுபடி கேசட், மறுபடி பூனைச் சண்டை. இரண்டாம் தடவையும் எண்ணினேன். மூன்றாம் தடவையும்.

"பாக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குல்ல, அப்புறம் எதுக்குடா பாக்குற?" என்றாள் அக்கா, டிரங்கைப் பூட்டிக்கொண்டே.

"யாரும் விட்டுப்போயிரக் கூடாதுல்ல" என்றேன்.

கப்பல் ஊதியது. அத்தான் ஒயரைப் பிடுங்கினார்.

அக்கா ஏறினாள். ஜெட்டிக்காரன் ஜெட்டியில் அழுதால் ஊர் சிரிக்கும். இந்தத் தடவையாவது ரூலைக் காப்போம் என்று கரையைப் பார்த்து நடந்தேன். பின்னாலிருந்து "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. ஆறு வருஷத்தில் அன்று மட்டும்தான் தலை எண்ணாமல் ஒரு கப்பலை அனுப்பினேன்.

பெட்டி சொன்னது வடிகட்டின பொய். கடைசிவரை திரும்பாமல்தான் நடந்தேன். அப்படியும் அக்கா போய்விட்டாள்.