பாதியில் பேர் மாறிய கதாநாயகி

வாடகை நூலகம் நடத்துகிறவர்களின் தலையெழுத்தே தனி. புத்தகத்தைப் படிக்காமல் கொடுத்தால் "எப்படி இருக்கும்?" என்பார்கள், படித்துவிட்டுக் கொடுத்தால் "முடிவு என்ன?" என்பார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து இந்த அவஸ்தையைப் படுகிறேன். எங்காவது என்னைப்போல் அலமாரிக்கும் மேஜைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஜீவன் இருந்தால், இதைக் கேட்டு ஆறுதல் அடையட்டும்.

எல்லாம் ஒரே மாவு

இப்போது பிள்ளைகள் கேட்பதெல்லாம் உலகம் நாசமான பிறகு நடக்கும் இங்கிலீஷ் நாவல்கள். ஊரைச் சுற்றி மதில். உள்ளே ஒரு கொடுங்கோல் சர்க்கார். பதினாறு வயதானால் கட்டாயம் ஒரு பரீட்சை. கதாநாயகி ஏழை, நன்றாக ஓடுவாள், தான் அழகு என்பது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாது. பின்னாலேயே இரண்டு பையன்கள், ஒருத்தன் சாது, ஒருத்தன் முசுடு. கடைசியில் மதில் விழும்.

நாலாவது புத்தகத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ப்ளஸ் டூ படிக்கும் யாஸ்மினிடம், "எல்லாம் ஒரே கதைதானேடி, எதுக்கு ஒண்ணு விடாம படிக்கிறே?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "பிரியாணி கூட ஒரே பிரியாணிதான்க்கா. ஒரு வாட்டி துன்னுட்டு நிறுத்திட்டீங்களா?"

மைதாப் பசை

அந்த வகையில் இரண்டு புத்தகங்கள் முதுகு பிய்ந்து வந்தன. ஒன்றில் நாயகி பெயர் மாரா, இன்னொன்றில் லியா. பைண்டிங் கடைக்குக் கொடுக்காமல் நானே தைப்பேன் என்ற திமிர் எனக்கு உண்டு. பசை காய்ச்சி, ஊசியில் நூல் கோத்து, இரண்டு புத்தகத் தாள்களையும் பாதி பாதியாகப் பிரித்துத் தரையில் நாலு அடுக்காக வைத்தேன். வாசலில் மீன்காரம்மா குரல் கேட்டது. போய் வஞ்சிரம் வாங்கி வந்து, கையைக் கழுவிவிட்டு, கைக்கு வந்த அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தேன். தைத்து முடித்து, கலர் அட்டை போட்டு, மூன்று மாதம் வாடகைக்கும் விட்டேன்.

பிறகு யாஸ்மின் அந்த இரண்டில் ஒன்றை எடுத்துப் போனாள். பள்ளியில் ஒரு போட்டி, படித்த நாவலை மேடையில் தமிழில் சொல்ல வேண்டும். கூடவே வந்த அவள் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "இதான் கடைசி. பரிசு வர்லன்னா, பரீட்சை முடியிற வரைக்கும் கதை புக்க இவ தொடக் கூடாது. நீயும் குடுக்கக் கூடாது, சொல்ட்டேன்."

சேவியர் அங்கிள் சொன்ன விளக்கம்

போட்டி நாளன்று, ஹார்பரில் கிளார்க்காக இருந்து ரிட்டயரான சேவியர் அங்கிள் நான் தைத்த மற்றொரு புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். "வானம் பூரா புகை, ஆத்துத் தண்ணி கருப்பு, சனம் மூக்கப் பொத்திக்கினு நடக்குது. இத்தப் போயி எதிர்காலம்னு எழுதிக்கீறான். எண்ணூர் பஸ்ல ஒரு தபா ஏறியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சிரித்தார். பிறகு, லியா எப்படிப் பாதியில் மாரா ஆனாள் என்று கேட்டார்.

புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் புரட்டினேன். லியாவின் முதல் பாதியோடு மாராவின் பின்பாதியைத் தைத்து வைத்திருக்கிறேன்! அப்படியானால் யாஸ்மின் கையில் இருப்பது? ஐயோ, என் புத்தியைச் செருப்பால் அடிக்க. மூன்று மாதமாக எத்தனை பேர் படித்தார்கள், ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அங்கிளிடம் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நான் இன்னாத்தக் கண்டேன்? புரட்சில சேர்ந்தா பேர மாத்திக்குவாங்கன்னு நெனச்சிக்கினேன்மா."

நடுவர்

கடையைச் சாத்திவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரத்திலுள்ள அந்தப் பள்ளிக்கு ஓடினேன். நான் மூச்சு வாங்க உள்ளே நுழையும்போது யாஸ்மின் பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரே கைதட்டல். என் கண்ணெல்லாம் நடுவர்கள் மேல்தான். புத்தகத்தைப் படித்தவர் ஒருவர் இருந்தால் போதும், பிள்ளையின் மானம் போய்விடும், என்னால்.

இருந்தார். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். முதல் பரிசு யாஸ்மினுக்கு என்று அறிவித்துவிட்டுச் சொன்னார்: "இந்த நாவலை நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன். அதுல என்ன இருக்கோ, ஒரு எழுத்து மாறாம அப்படியே சொல்லிட்டா!"

இல்லாத பக்கம்

வெளியே வேப்பமரத்தடியில் யாஸ்மினைப் பிடித்து உண்மையைக் கொட்டினேன். அவள் அசரவில்லை. "தெரியும்க்கா. ஒட்டுற எடம் இடிச்சிது, அதான் நடுவுல நானே கொஞ்சம் எழுதிச் சேர்த்துக்கினேன். இந்தக் கதைங்கள்ல அம்மாவ மொதல்லயே சாவடிச்சிடுறாங்க, இல்லாட்டி உட்டுட்டு ஓடுறாங்க. எனக்கு மனசு ஒப்பல. என் மாரா திரும்பிப் போயி அம்மாவயும் இட்டுக்கினு மதிலத் தாண்டுறா. அதுக்குத்தான் கை தட்டுனாங்க."

அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அவள் அம்மா வந்தார். கண் சிவந்திருந்தது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து அதட்டினார்: "இன்னா பாத்துக்கினு நிக்கிறே? அந்தம்மாவும் பொண்ணும் மதிலத் தாண்டுனாங்களே, அப்பால இன்னா ஆச்சி? அந்த அடுத்த புக்கயும் இவகிட்ட குடு, வூட்ல எனக்குப் படிச்சிக் காட்டட்டும்."

அப்படியொரு அடுத்த புத்தகம் உலகத்தில் எந்த நூலகத்திலும் கிடையாது என்று சொல்ல எங்கள் இருவருக்குமே தைரியம் வராததால், யாஸ்மின் வாரம் ஓர் அத்தியாயம் எழுதிக் கொடுக்கிறாள், நான் பக்க எண்ணை மூன்று முறை பார்த்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.