சின்னத்தில் இருந்த சிரிப்பு

போன வருடம் நம் நாட்டின் புதிய சுற்றுலாச் சின்னமும் அதற்கான வாசகமும் வெளியான அன்று, நான் பாக்கார் ஆராங்கில் என் கடையில் ஒரு கல்யாணப் பேனர் அடித்துக்கொண்டிருந்தேன். பேனர், பெயர்ப்பலகை, ஸ்டிக்கர் எல்லாம் செய்கிறவன் நான். எழுத்தோ கோடோ, எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும்.

சின்னத்தில், சில கோடுகளால் வரைந்த ஒரு பெண்ணின் முகம். கீழே, சிரிப்போடு வரவேற்கிறோம் என்ற பொருளில் மலாயில் ஒரு வாசகம். வாசகமே எனக்குச் சப்பென்று இருந்தது. முகம் அதைவிட மோசம். வாயின் ஒரு பக்கம் மேலே போயிருந்தது, மறுபக்கம் கீழே இறங்கியிருந்தது. ஒரு கண் வேறு சின்னது.

உடனே கைப்பேசியை எடுத்து, என் முகத்தைக் காட்டாமல் சின்னத்தை மட்டும் காட்டிப் பேசி ஒரு வீடியோ போட்டேன். எதற்கெடுத்தாலும் 'என்ன கதை இது' என்று இழுப்பது என் வழக்கம், அதிலும் அப்படித்தான். "என்னா கதலா இது? வாய நேரா வரையத் தெரியாதவன்கிட்டயா நாட்டோட சின்னத்தக் குடுத்தாங்க? இந்த மூஞ்சியப் பாத்தா வர்ற டூரிஸ்டும் திரும்பி ஓடிருவான்." இரண்டே நாளில் அது எங்கெங்கோ சுற்றி எனக்கே திரும்பி வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

சில வாரம் கழித்து, மெர்போக் பக்கம் ஒரு கோயிலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டுத் திரும்பும்போது சாலையோர வடைக்கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினேன். ஓர் இளம்பெண் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அப்போது ஒரு வாடிக்கையாளர் அழைத்து, முடித்துவைத்த பலகையில் எழுத்தை மாற்றச் சொன்னார். "என்னா கதலா இது, நேத்துதானே சரின்னீங்க" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

தடுப்புக்குப் பின்னால் வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் கிடந்த துண்டால் வாயை மறைத்திருந்தார்.

"தம்பி, அந்த சின்னத்தப் பத்தி வீடியோல பேசுனது நீங்கதானே?"

பாராட்டப் போகிறார் என்று நினைத்து, "ஆமாக்கா" என்று சிரித்தேன். அவர் துண்டை எடுத்தார்.

அதே வாய். அதே சின்னக் கண். நான் விரல் வைத்துக் காட்டிக் கேலி செய்த ஒவ்வொரு கோடும் உயிரோடு எதிரே நின்றது.

தேநீர் வைத்த பெண் அவருடைய மகள். அவள்தான் விவரம் சொன்னாள்.

"அம்மாவுக்கு வாதம் அடிச்சி மூஞ்சி ஒரு பக்கம் இழுத்துக்கிச்சிண்ணே. ஆளுங்கள நிமிந்தே பாக்க மாட்டாங்க. ஒருநாள் ஒரு சீனப் பொண்ணு சாப்ட வந்து, ஆன்ட்டி ஒங்க சிரிப்பு நல்லாருக்கு, வரைஞ்சிக்கவான்னு கேட்டிச்சி. அந்தப் படம் நாட்டோட சின்னமா வந்தன்னிக்கு அம்மா எல்லாருக்கும் சும்மாவே வடை குடுத்தாங்க. ஏன்னு சொல்ல வெக்கம். அப்பறம் ஒங்க வீடியோ வந்திச்சி. அதுலேர்ந்து முன்னாடி வர்றதே இல்ல."

"எத்தன வாட்டி கேட்டுருப்பேன். கொரல் மறக்குமா?" என்றார் அந்த அக்கா. குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அங்கேயே அந்த வீடியோவை அழித்தேன். ஆனால் அது அதற்குள் எத்தனையோ பேர் கையில் இருந்தது. தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். "இன்னிக்கே இன்னொரு வீடியோ போட்டு எல்லார் முன்னுக்கும் மன்னிப்புக் கேக்குறேன்க்கா" என்றேன்.

"வேணாம் தம்பி. போட்டீங்கன்னா யாரு அந்தப் பொம்பளன்னு தேடிக்கிட்டு வருவாங்க. இப்ப யாருக்கும் தெரியாது. அப்டியே போவட்டும்."

துண்டால் மறுபடி வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீடு வரை எப்படி வண்டி ஓட்டினேன் என்று இன்றும் நினைவில்லை.

அதற்குப் பிறகும் அந்தக் கடைக்குப் போய்வருகிறேன். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரு வேணாம், எடத்தையும் கொஞ்சம் மாத்திப் போடுங்க" என்றார், அப்படியே செய்திருக்கிறேன். ஊர் பார்க்க ஒருவரை நோகடிப்பது எனக்கு அத்தனை சுலபமாக இருந்தது. ஊர் பார்க்க மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.